விழித்துக்கொண்டே கனவுக்குள் நுழைய முடியுமா?

(இரண்டாம் ஆண்டு, மின்னியல் துறை மாணவன்)

தலைப்பைப் பார்த்ததும் "அதைத்தானே தினமும் மதியம் முதல் பீரியடில் செய்கிறோம்" என்று கடைசி பெஞ்சிலிருந்து குரல் வரும் என்று எனக்குத் தெரியும். அது பகல் கனவு. அதில் கதையை நாம்தான் கட்டுகிறோம், எதிரே கரும்பலகையும் தெரிந்துகொண்டே இருக்கும். நான் சொல்ல வந்தது ராத்திரித் தூக்கத்தில் வரும் நிஜக் கனவைப் பற்றி. அதற்குள் நின்றுகொண்டிருக்கும்போதே, "நான் வீட்டில் பாயில் படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கிறேன், இப்போது பார்ப்பது கனவு" என்று தெளிவாகத் தெரிவது. ஆங்கிலத்தில் இதை லூசிட் ட்ரீம் என்கிறார்கள். ஃபிரெடரிக் வான் ஈடன் என்ற டச்சு மனநல மருத்துவர், தனக்கு வந்த இப்படிப்பட்ட 352 கனவுகளைக் குறித்துவைத்து, 1913-ல் எழுதிய கட்டுரையில் இந்தப் பெயரைக் கொடுத்தார். நாம் தமிழில் 'தெளிகனவு' என்று வைத்துக்கொள்வோம்.

இது ஏதோ சித்து வேலை என்று நினைக்க வேண்டாம். பல நாட்டுக் கணக்கெடுப்புகளைச் சேர்த்துப் பார்த்த 2016-ம் ஆண்டு ஆய்வு ஒன்றின்படி, நூற்றுக்கு 55 பேர் வாழ்க்கையில் ஒரு தடவையாவது தெளிகனவு கண்டிருக்கிறார்கள். உங்களில் பாதிப் பேருக்கு வந்திருக்கும், பெயர்தான் தெரிந்திருக்காது.

ஆனால் ஒருத்தன் காலையில் எழுந்து, "எனக்குக் கனவில் முழுத் தெளிவு இருந்தது" என்று சொன்னால் எப்படி நம்புவது? ரொம்ப நாளாக விஞ்ஞானிகள் நம்பவில்லை. தூக்கம் என்றால் நினைவு இல்லை, நினைவு இருந்தால் அது தூக்கம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இதை நிரூபிக்க உதவியது நம்ம எலக்ட்ரிக்கல் பாடம்தான் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

நம் கண் ஒவ்வொன்றும் ஒரு குட்டி பாட்டரி. முன்பக்கம் பாசிட்டிவ், பின்பக்கம் விழித்திரை நெகடிவ். கண்ணின் இரு ஓரத்திலும் எலக்ட்ரோடு ஒட்டிவிட்டு விழியை இடப்பக்கம் திருப்பினால் வோல்டேஜ் ஒரு பக்கம் ஏறும், வலப்பக்கம் திருப்பினால் மறுபக்கம் ஏறும். ஒரு டிகிரிக்குப் பத்து இருபது மைக்ரோவோல்ட்தான். ஆனாலும் ஆம்ப்ளிஃபயர் வைத்தால் பேனா தாளில் அழகாகக் கோடு போடும்.

1953-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இருவர், தூங்குகிறவனுடைய மூடிய இமைக்குள் விழி சில நேரம் வேகமாக ஓடுவதைக் கண்டுபிடித்து எழுதினார்கள். அந்த நேரத்தில் எழுப்பினால் பெரும்பாலானவர்கள் கனவு சொல்வார்கள். அதற்குப் பெயர் ரெம் தூக்கம். அப்போது மூளை கிட்டத்தட்ட விழித்திருப்பது போல வேலை செய்யும், ஆனால் கை கால்களுக்குப் போகும் ஆணையை மூளைத்தண்டு நிறுத்திவிடும். காண்டாக்டர் விழுந்துவிட்ட மோட்டார் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்: சப்ளை இருக்கிறது, ஷாஃப்ட் சுற்றாது. இல்லாவிட்டால் கனவில் ஓடுகிறவன் நிஜமாகவே எழுந்து ஓடிச் சுவரில் மோதுவான். இந்த நிறுத்தத்துக்குத் தப்பிப்பவை முக்கியமாக இரண்டு. மூச்சு இழுக்கும் உதரவிதானம் ஒன்று, கண் தசைகள் இன்னொன்று.

அந்தக் கண்ணைத்தான் இங்கிலாந்தில் ஹல் பல்கலைக்கழகத்தில் இருந்த கீத் ஹெர்ன் பிடித்துக்கொண்டார். ஆலன் வோர்ஸ்லி என்பவர் அடிக்கடி தெளிகனவு காண்பவர். "கனவுக்குள் தெளிவு வந்தவுடன் விழியை இடம் வலமாக எட்டு முறை ஆட்டு" என்று சொல்லி அவரைத் தூங்க வைத்தார். 1975 ஏப்ரல் 12-ம் தேதி காலை சுமார் 8 மணிக்கு, ரெம் தூக்கத்தின் தாறுமாறான கோடுகளுக்கு நடுவே, சீராக இடம் வலம் இடம் வலம் என்று பேனா ஆடியது. தூங்கும் மனிதன் வெளியே அனுப்பிய முதல் தந்தி! இவரைப் பற்றித் தெரியாமலே, அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீஃபன் லபெர்ஜ் அதே வழியில் நிரூபித்து, 1980-ல் முனைவர் பட்டம் வாங்கினார்.

இனி தலைப்பில் உள்ள கேள்விக்கு வருவோம். தெளிகனவுக்குள் போக இரண்டு வாசல் உண்டு. ஒன்று, சாதாரணமாகத் தூங்கி, கனவு நடந்துகொண்டிருக்கும்போது ஏதோ ஒன்று இடித்து, "அட, இது கனவு" என்று தெரிவது. இன்னொன்று, விழித்த நினைவை விடாமலே உடம்பை மட்டும் தூங்க வைத்து நேராகக் கனவுக்குள் இறங்குவது. ஸ்டான்ஃபோர்டில் பதிவான 76 தெளிகனவுகளில் நூற்றுக்கு 72 முதல் வகை, 28தான் இரண்டாவது. எல்லோரும் கேட்பது இந்த இரண்டாவது வாசலைத்தான். அதுவும் சீக்கிரமாக, படுத்த ஐந்து நிமிஷத்தில்!

முடியும். ஆனால் எந்த ஐந்து நிமிஷம் என்பதில்தான் சூட்சுமம். நம் தூக்கம் சுமார் 90 நிமிஷச் சுற்றுகளாக ஓடுகிறது, ஒரு ராத்திரிக்கு நாலைந்து சுற்று. முதல் சுற்றுகளில் பெரும்பகுதி ஆழ்ந்த தூக்கம், ரெம் ஒரு பத்து நிமிஷம்கூட இருக்காது. விடியற்காலைச் சுற்றுகளில் ஆழ்ந்த தூக்கம் ஏறக்குறைய தீர்ந்துபோய், ரெம் மட்டும் அரைமணி, அதற்கு மேலும் நீளும். ஆகவே ராத்திரி 10 மணிக்குப் படுத்தவுடன் "நினைவோடு கனவுக்குள் போகிறேன்" என்று முயற்சி பண்ணுவது, இன்னும் பஸ்ஸே வராத ஸ்டாண்டில் சீட்டுப் பிடிப்பது மாதிரி. முதலில் ஆழ்ந்த தூக்கம் வந்து நினைவை அடித்துக்கொண்டு போய்விடும். அதுவே விடியற்காலை 3, 3½ மணிக்கு எழுந்து, அரைமணி விழித்திருந்து, திரும்பப் படுத்தால், ரெம் பக்கத்திலேயே காத்திருக்கும். ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு பல்கலைக்கழகத்தின் டென்ஹோம் ஆஸ்பி 2017-ல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து மணி நேரம் தூங்கி எழுந்து, "அடுத்த கனவில் இது கனவு என்று நினைவு வைத்துக்கொள்வேன்" என்று மனசில் சொல்லிச் சொல்லிப் படுத்தவர்களில், ஐந்து நிமிஷத்துக்குள் தூங்கிவிட்டவர்களுக்கு நூற்றுக்கு 46 முயற்சிகள் பலித்தன. அது முதல் வாசலுக்கான பயிற்சிதான். ஆனாலும் முதலில் ஐந்து மணி நேரத் தூக்கம், பிறகு சிறிது விழிப்பு, பிறகு விரைவாகத் திரும்பித் தூங்குவது என்ற வரிசை இரண்டு வாசலுக்கும் பொருந்தும்.

திரும்பப் படுத்த பிறகு என்ன நடக்கும்? உடம்பை அசைக்காமல், மூச்சைக் கவனித்துக்கொண்டோ மெதுவாக எண்ணிக்கொண்டோ இருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் மூடிய கண்ணுக்குள் படங்கள் வர ஆரம்பிக்கும். இதை ஆரணிக்காரர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். புதுப் பாவு பிணைக்கிற அன்றைக்கு, ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய இழையோடு திரித்துவிட்டுப் படுத்தால், கண்ணை மூடினதும் என்ன தெரியும் என்று தறிக்காரர் வீட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இழை, இழை, இழைதான்! எங்கள் அப்பா "கண்ணுக்குள்ள பாவு ஓடுது" என்பார். 2000-ல் அமெரிக்காவில் ராபர்ட் ஸ்டிக்கோல்டு குழுவினர் இதையே டெட்ரிஸ் என்ற கம்ப்யூட்டர் விளையாட்டை வைத்துச் சோதித்தார்கள். 27 பேரில் 17 பேருக்கு, தூக்கம் வரும் நேரத்தில் அந்தக் கட்டைகள் கண்ணுக்குள் விழுந்தன. மூளை பாதித்து, விளையாடியதே நினைவில்லாத ஐந்து பேரில் மூன்று பேருக்கும் விழுந்தன! அந்த ஆராய்ச்சி நடப்பதற்கு எத்தனையோ தலைமுறை முன்பே நம் தெருவில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

இந்தப் படங்கள்தான் வாசற்படி. முதலில் வெறும் வெளிச்சப் புள்ளி, கோலம், முகங்கள். அவற்றைப் பிடிக்கப் போனால் கலைந்துவிடும். விட்டேத்தியாகப் பார்த்துக்கொண்டிருந்தால் மெல்ல மெல்ல ஆழம் கூடி, ஒரு இடமாக மாறும். சத்தமும் வரலாம்: யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுவது, ரீங்காரம். உடம்பு மிதப்பது போலவும், கீழே இழுப்பது போலவும் இருக்கும். இங்கேதான் பெரும்பாலோர் பயந்து எழுந்துவிடுகிறார்கள். ஏனென்றால் இந்த நேரத்தில் சிலருக்கு அந்த 'காண்டாக்டர் விழுவது' நினைவோடு இருக்கும்போதே தெரிந்துவிடும். கை வராது, கால் வராது, வாய் வராது.

இது முயற்சி பண்ணுபவர்களுக்கு மட்டும் வருவதில்லை. நம் ஊரில் இதற்கு வேறு பெயர்: "பேய் அமுக்குது." அமுக்குவான் பேய் என்று தனியாக ஒரு பேயே இருக்கிறது. நான் இந்தக் கட்டுரை எழுதக் காரணமும் அதுதான்.

என் அக்கா எட்டாவதோடு நின்று தறியில் உட்கார்ந்தவள். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியது நான்தான் முதல். அதற்கு அவள் நெய்த புடவைகளும் ஒரு காரணம். தீபாவளிக்கும் கல்யாண சீசனுக்கும் ஆர்டர் வந்தால் ராத்திரி 12 மணிவரை நெய்வாள், தெருவில் பாவு போட 4 மணிக்கு எழுந்திருப்பாள், மதியம் சாப்பிட்டதும் தறி மேடைப் பக்கத்திலேயே மல்லாந்து ஒரு தூக்கம். அவளுக்கு மாசத்தில் மூன்று நாலு தரம் அமுக்க ஆரம்பித்தது. கண் திறந்திருக்குமாம், வீடு தெரியுமாம், நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்திருப்பார்களாம், கூப்பிட்டால் குரல் வராதாம். ஆயா "காத்து கருப்பு பட்டிருக்கு" என்றார். ஒரு பூசாரியிடம் கூட்டிப்போனார்கள், உடுக்கை அடித்தார், தாயத்து கட்டினார், பணமும் வாங்கினார். அதோடு போகவில்லை. சங்கதி தெருவில் பரவி, பெண் பார்க்க வருவதாக இருந்த ஒரு இடம் நின்றுபோனது. "பொண்ணுக்கு ஏதோ பிடிச்சிருக்குதாமே" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

நடந்தது என்னவென்றால், ரெம் தூக்கம் முடியும் முன்பே நினைவு விழித்துக்கொண்டது, தசைகளுக்குப் போன 'ஆஃப்' ஆணை இன்னும் எடுக்கப்படவில்லை, அவ்வளவுதான். சில நொடி, மிஞ்சினால் சில நிமிஷம். மார்புத் தசைகள் தளர்ந்திருப்பதால் பலமாக மூச்சு இழுக்க முயன்றால் முடியாது. அதுதான் நெஞ்சில் உட்கார்ந்தவர். உதரவிதானம் ஓடிக்கொண்டே இருப்பதால் மூச்சு நிற்காது. மூளையில் பயத்தைக் கவனிக்கும் பகுதி ரெம் நேரத்தில் சுறுசுறுப்பாக இருக்கும், கனவுப் படமும் இன்னும் அணையவில்லை, அதனால் மூலையில் ஒரு உருவம். நியூஃபவுண்ட்லாண்டு தீவில் இதையே கிழவி வந்து அமுக்குவதாகச் சொல்கிறார்கள், ஜப்பானில் கனசிபாரி என்கிறார்கள். ஊருக்கு ஊர் பேய் மாறுகிறது, உட்காரும் இடம் அதே நெஞ்சு! பல ஆய்வுகளைத் தொகுத்து 2011-ல் வந்த கணக்குப்படி, பொதுமக்களில் நூற்றுக்கு சுமார் 8 பேருக்கு ஒரு தடவையாவது இது வந்திருக்கிறது. மாணவர்களில் எவ்வளவு தெரியுமா? 28 பேர். தூக்கம் கெடுவதும், நேரம் தவறிப் படுப்பதும், மல்லாந்து படுப்பதும் இதைக் கூட்டும். அக்காவிடம் மூன்றும் இருந்தது.

நான் இதைப் படம் போட்டு விளக்கியபோது அப்பா, "இதையெல்லாமா பாலிடெக்னிக்கில் சொல்லித் தர்றாங்க?" என்று கேட்டார். அக்கா வேறு கேட்டாள்: "அப்ப எனக்கு ஒண்ணியும் இல்லியாடா?" ஒருக்களித்துப் படுக்கச் சொன்னேன். அமுக்கினால் முழு உடம்போடு போராடாமல் விரல் நுனியை மட்டும் அசைக்கப் பார், கண்ணை ஆட்டு, மூச்சை அதன் போக்கில் விடு என்றேன். ராத்திரி நெசவை 10 மணியோடு நிறுத்த அம்மா சம்மதித்தார். இப்போது எப்போதாவதுதான் வருகிறது.

அதிலும் ஒரு தடவை, வந்தது வரட்டும் என்று அக்கா போராடாமல் கிடந்திருக்கிறாள். அமுக்கல் அப்படியே மிதப்பாக மாறி, கமண்டல நாகநதிக் கரையில் நின்றிருக்கிறாள். ஆறு இரு கரையும் தொட்டு ஓடுகிறது! "நம்ம ஆத்துல ஏது இவ்ளோ தண்ணி? அப்ப இது கனவுதான்" என்று அங்கேயே தெரிந்துவிட்டதாம். தண்ணீரில் இறங்கி நடந்தேன் என்றாள். லபெர்ஜ் பல வருடம் ஆராய்ந்த அந்த இரண்டாவது வாசலை, எட்டாவது படித்தவள் ஒரு விடியற்காலையில் தாண்டிவிட்டு வந்து தறியில் உட்கார்ந்துவிட்டாள்.

இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு என்று யாராவது சொன்னால், நம் பக்கத்தையும் சொல்ல வேண்டும். சைவ சித்தாந்தத்தில் நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படக்கம் என்று நிலைகளை ஐந்தாகவே பிரித்துவைத்திருக்கிறார்கள். நம் மாவட்டத் தலைநகர் திருவண்ணாமலையில் 1896 முதல் 1950 வரை இருந்த ரமண மகரிஷி, நனவும் ஒரு கனவே என்றார். தூக்கத்தின் அமைதியும் விழிப்பின் அறிவும் சேர்ந்த நிலையைப் பற்றியும் பேசினார். ஆனால் அவர் நோக்கம் வேறு, கனவில் பறப்பது அல்ல. இரண்டையும் போட்டுக் குழப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. நேரடியாகக் கனவையே பயிற்சிக் களமாக வைத்தவர்கள் திபெத்திய பௌத்தர்கள். 11-ம் நூற்றாண்டு வங்காளத்து நாரோபாவின் பெயரால் வழங்கும் ஆறு யோகங்களில் கனவு யோகமும் ஒன்று. அந்த மரபைச் சேர்ந்த மடங்கள் இன்று கர்நாடகத்தில் பைலகுப்பேயிலேயே இருக்கின்றன.

மெஷின் வைத்துப் பார்க்கப்பட்ட இந்தியர் ஒருவரும் உண்டு. இமயமலைப் பக்கத்துச் சுவாமி ராமாவை 1970-ல் அமெரிக்காவில் மென்னிங்கர் நிறுவனத்தில் எல்மர் கிரீன் என்பவர் ஈ.ஈ.ஜி. வைத்துச் சோதித்தார். விழித்த நிலையிலிருந்து சில நிமிஷத்தில் ஆழ்ந்த தூக்கத்துக்குரிய டெல்டா அலையைக் காட்டினார், அந்த நேரத்தில் அறையில் சொன்ன வாக்கியங்களைப் பிறகு பெரும்பாலும் அப்படியே திருப்பிச் சொன்னார் என்று கிரீன் எழுதியிருக்கிறார். ஆச்சரியம்தான். ஆனால் ஒரே ஆளை வைத்துச் செய்த சோதனை. எர்த் ரெசிஸ்டன்ஸை ஒரே ரீடிங் எடுத்து ரெக்கார்டில் எழுதினால் நம் லேபில் கையெழுத்துப் போடுவார்களா?

2021-ல் வந்த செய்திதான் எனக்கு மிகவும் பிடித்தது. அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து ஆகிய நான்கு நாட்டு ஆய்வகங்களில் 36 பேரைத் தூங்க வைத்து, தெளிகனவுக்குள் இருந்தவர்களிடம் வெளியிலிருந்து கேள்வி கேட்டார்கள். 19 வயது அமெரிக்க இளைஞர் ஒருவரிடம் "எட்டில் ஆறு போனால்?" என்று கேட்க, தூங்கிக்கொண்டே விழியை இரண்டு தடவை இடம் வலம் ஆட்டினார். கேட்டவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பதிலே வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

இனி சில எச்சரிக்கைகள். சீக்கிரம் பலிக்கும் என்று மாத்திரைகளும் முகமூடிகளும் விற்கிறார்கள். காலண்டமைன் என்ற மருந்து தெளிகனவைக் கூட்டுவதாக 2018-ல் ஒரு ஆய்வு வந்தது உண்மைதான். ஆனால் அது அல்சைமர் நோய்க்கு டாக்டர் எழுதித்தரும் மருந்து, நம் வயசுக்கு விளையாட்டுச் சாமான் அல்ல. பகலில் திடீர் திடீரென்று தூக்கம் வந்து, படுத்த பத்துப் பதினைந்து நிமிஷத்தில் கனவும் தானாகவே வருகிறவர்கள் "எனக்கு வரம்" என்று இருந்துவிடாமல் டாக்டரைப் பார்க்க வேண்டும். நார்கோலெப்ஸி என்ற நோய்க்கு அதுதான் அடையாளம். மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்களும் இதைத் தொட வேண்டாம். வாரம் முழுக்க விடியற்காலை 3 மணிக்கு எழுந்துவிட்டு ஒர்க்‌ஷாப்பில் லேத் முன்னால் நின்றால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. செமஸ்டர் முடிந்த லீவில், மறுநாள் எட்டு மணிவரை படுக்க வழியுள்ள நாளாகப் பார்த்து, வாரத்துக்கு ஒரு தடவை போதும்.

உள்ளே போய்விட்டால் சந்தோஷத்தில் குதிக்காதீர்கள், உடனே விழிப்பு வந்துவிடும். காட்சி மங்குவது போலிருந்தால், கனவுக் கை இரண்டையும் ஒன்றோடொன்று தேய்க்கச் சொல்கிறார் லபெர்ஜ். உள்ளங்கைச் சூடு தெரிகிறவரை பெரும்பாலும் கனவு நிற்கும்.